மார்பு எடுத்த பிறகு மறுசீரமைப்பு: மும்பைத் தமிழ்ப் பெண்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் சயான் கோலிவாடாவில் இருக்கிறேன். தாராவி, மாட்டுங்கா, செம்பூர், ஆன்டாப் ஹில் பக்கமிருந்து மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் போகும் தமிழ்ப் பெண்களுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போவது என் வழக்கம். இந்தியும் மராத்தியும் புரியாதவர்களுக்கு டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வேன், இவர்கள் கேட்பதை டாக்டரிடம் சொல்வேன். எந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தாலும் இந்தக் கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எனக்கும் 2014-இல் வலது மார்பை எடுத்தார்கள். எடுத்த இடத்தில் மறுபடி மார்பு அமைக்கலாம் என்று அன்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து, ரத்தப் பரிசோதனை வரிசையில் பக்கத்தில் நின்ற ஒரு குஜராத்தி அம்மா சொல்லித்தான் தெரிந்தது. 2016 கடைசியில் என் வயிற்றுச் சதையை வைத்துச் செய்துகொண்டேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் உடம்புக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல முடியும். ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்கு இது உதவும்.

"அக்கா, மறுசீரமைப்புன்னா என்ன? அழகுக்காகப் பண்ற ப்ளாஸ்டிக் சர்ஜரியா?"

புற்றுநோய்க்காக எடுத்த மார்பின் இடத்தில், செயற்கைப் பொருளையோ உங்கள் உடம்பிலேயே வேறு இடத்துச் சதையையோ வைத்து மார்பின் வடிவத்தை மறுபடி அமைப்பதுதான் மறுசீரமைப்பு. செய்பவர் ப்ளாஸ்டிக் சர்ஜன். சில இடங்களில் மார்பகப் புற்றுநோய் சர்ஜனே இதிலும் பயிற்சி பெற்றிருப்பார்.

'அழகுக்கு' என்று வீட்டில் யாராவது சொன்னால் கூச்சப்பட வேண்டாம். விபத்தில் உடைந்த தாடையைச் சரி செய்வதை யாரும் அழகுக்கு என்று சொல்வதில்லை. ஒரு பக்கம் மட்டும் கனம் போய்விட்டால் தோள் ஒருபக்கமாகத் தூக்கிக்கொள்கிறது, சிலருக்குக் கழுத்தும் முதுகும் வலிக்கிறது, ஜாக்கெட் நிற்பதில்லை. குனிந்து கோலம் போடவே தயங்குகிற பெண்களை எனக்குத் தெரியும்.

"கட்டி சின்னதுதான்னு சொல்றாங்க. முழு மார்பையும் எடுத்துத்தான் ஆகணுமா?"

இதை டாக்டரிடம் முதலில் கேளுங்கள். கட்டியையும் சுற்றியுள்ள கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்து, பிறகு கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைப்பதும் ஒரு முறையான சிகிச்சைதான். ஆரம்ப நிலைக் கட்டிகளில் இப்படிச் செய்தவர்களும் முழு மார்பை எடுத்தவர்களும் ஒரே அளவு காலம் வாழ்கிறார்கள். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் 20 வருடம் பின்தொடர்ந்து பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2002-இல் இதைத்தான் சொல்லின. 'முழுசா எடுத்தாத்தான் நிம்மதி' என்று சொந்தக்காரர்கள் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கட்டி பெரிதாக இருந்தாலும், முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு இதைச் செய்ய முடியலாம். ஒரே மார்பில் பல இடங்களில் கட்டி இருந்தாலோ, கரண்ட் வைக்க முடியாத நிலை இருந்தாலோ முழுவதும் எடுக்க வேண்டி வரும்.

"சரி, எடுத்தே ஆகணும்னுட்டாங்க. எத்தனை வழி இருக்கு?"

பெரிதாக மூன்று. முதல் வழி சிலிகோன் இம்ப்ளான்ட், அதாவது மார்பின் வடிவத்தில் உள்ளே வைக்கும் செயற்கைப் பை. இரண்டாவது வயிறு, முதுகு, சிலருக்குத் தொடை ஆகிய இடங்களில் இருந்து உங்கள் சொந்தச் சதையை எடுத்து வைப்பது. இதை ஃப்ளாப் என்பார்கள். மூன்றாவது இரண்டையும் சேர்த்துச் செய்வது, உதாரணமாக முதுகுச் சதைக்கு அடியில் ஒரு சின்ன இம்ப்ளான்ட்.

எதுவும் செய்யாமல் தட்டையாகவே விடுவதும் ஒரு வழிதான். அதைக் கடைசியில் சொல்லும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. கீழே தனியாகவே எழுதியிருக்கிறேன்.

"இம்ப்ளான்ட்னா ஒரே நாள்ல முடிஞ்சிடுமா?"

சிலருக்கு முடியும். மார்பை எடுக்கும்போது தோலை அப்படியே காப்பாற்ற முடிந்து, மார்பும் அளவில் பெரிதாக இல்லாமல் இருந்தால், அன்றே இம்ப்ளான்ட் வைத்துத் தைத்துவிடலாம். மற்றவர்களுக்கு இரண்டு கட்டம். முதலில் எக்ஸ்பாண்டர் என்ற காலிப் பையை நெஞ்சுத் தசைக்கு அடியிலோ மேலேயோ வைப்பார்கள். புண் ஆறியதும் ஒரு வாரம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசி வழியாக அதில் உப்புநீர் ஏற்றுவார்கள். தோல் மெல்ல மெல்ல விரியும், கர்ப்பத்தில் வயிறு விரிவதைப் போல. நீர் ஏற்றிய அன்று இறுக்கமாக இருக்கும், ஓரிரு நாளில் தணியும். சில மாதம் கழித்து இன்னொரு சின்ன ஆபரேஷனில் எக்ஸ்பாண்டரை எடுத்துவிட்டு நிலையான இம்ப்ளான்டை வைப்பார்கள்.

பல எக்ஸ்பாண்டர்களில் ஊசி போடும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு காந்தம் இருக்கும். அது உள்ளே இருக்கும்வரை எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடத்தில் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். விமான நிலையத்தில் மெட்டல் டிடெக்டர் சத்தம் போடவும் கூடும், டாக்டர் கடிதம் ஒன்று கைப்பையில் இருக்கட்டும். நிலையான சிலிகோன் இம்ப்ளான்டில் இந்தத் தொல்லை கிடையாது.

"ஒருதடவை வெச்சா ஆயுசுக்கும் தாங்குமா?"

தாங்கும் என்று எண்ணிக்கொண்டு வைக்காதீர்கள். பலருக்குப் பத்து, பதினைந்து வருடம் ஒன்றும் ஆகாமல் இருக்கிறது. ஆனால் எப்போதாவது மாற்ற வேண்டி வரலாம் என்ற நினைப்பு இருக்க வேண்டும். 38 வயதில் வைத்துக்கொள்பவர் இன்னும் ஓரிரு ஆபரேஷன் வரலாம் என்று கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. சிலிகோன் உள்ளே கசிந்தால் பெரும்பாலும் வெளியே தெரியாது. அதனால் 5 அல்லது 6 வருடத்தில் ஒரு ஸ்கேன், பிறகு 2, 3 வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்கிறது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு.

இன்னொன்று, இம்ப்ளான்டைச் சுற்றி உடம்பு தானாக ஒரு உறை கட்டும். அந்த உறை இறுகிப்போனால் மார்பு கல் போலக் கெட்டியாகி வடிவம் கெடும், வலிக்கும். கரண்ட் வைத்தவர்களுக்கு இது அதிகம் வருகிறது.

"வயித்துச் சதையை எடுத்து மார்புல வைப்பாங்களாமே? எனக்கு ரெண்டும் சிசேரியன், முடியுமா?"

பெரும்பாலும் முடியும். அடிவயிற்றில் குறுக்காகப் போட்ட சிசேரியன் வெட்டு பொதுவாக இதற்குத் தடை இல்லை. முன்கூட்டியே சி.டி. ஸ்கேனில் வயிற்றின் ரத்தக்குழாய்களைப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். தொப்பையைக் குறைக்கும் ஆபரேஷன் செய்தவர்களுக்கு மட்டும் இந்த வழி அடைபட்டுவிடும். ரொம்ப ஒல்லியாக இருப்பவர்களுக்கு எடுக்கச் சதை போதாது.

இதில் இரண்டு வகை. பழைய முறையில் வயிற்றுத் தசையையும் சேர்த்து எடுப்பார்கள். அதனால் வயிறு பலவீனமாகிப் பின்னால் குடலிறக்கம் வரலாம். 1990-களில் பரவிய டீப் ஃப்ளாப் முறையில் தோலும் கொழுப்பும் அதற்கு உயிர் கொடுக்கும் மெல்லிய ரத்தக்குழாயும் மட்டும் வரும், தசை வயிற்றிலேயே இருந்துவிடும். அந்தக் குழாயை நெஞ்சில் இருக்கும் குழாயோடு மைக்ராஸ்கோப் வைத்துத் தைப்பார்கள். தையல் நூல் தலைமுடியைவிட மெல்லியது. 6 முதல் 8 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். இந்த நுண் அறுவையில் பழகிய குழு இருக்கும் ஆஸ்பத்திரியில்தான் செய்துகொள்ள வேண்டும்.

எனக்குச் செய்தது இதுதான். முதல் நாள் இரவு முழுக்க மணிக்கு ஒருமுறை நர்ஸ் வந்து, பேனா போன்ற ஒரு கருவியைப் புது மார்பில் வைத்துக் கேட்பார். உஷ், உஷ், உஷ் என்று ரத்தம் ஓடும் சத்தம். வயிற்றில் பிள்ளை இருந்தபோது ஸ்கேன் அறையில் கேட்ட அதே சத்தம். அறையைக் கதகதப்பாக வைத்திருந்தார்கள், காபி கூடாது என்றார்கள். இரண்டாம் நாள் கட்டுப் பிரித்தபோது குனிந்து பார்த்தேன். என் இரண்டு பிள்ளைகளும் வயிற்றில் போட்டுவிட்டுப் போன வெள்ளைக் கோடுகள் மார்புக்கு வந்திருந்தன.

"முதுகுச் சதையை எடுத்தா கை தூக்க முடியாதாமே?"

தூக்க முடியும். அக்குளுக்குப் பின்னால் விசிறி போலப் பரந்திருக்கும் தசையை, அதன் ரத்தக்குழாய் அறுபடாமல், அக்குள் வழியாக முன்பக்கம் திருப்பிக் கொண்டுவருவார்கள். 1906-லேயே இத்தாலிய சர்ஜன் டான்சினி இதை எழுதி வைத்திருக்கிறார். குழாயை அறுத்துத் தைக்கும் வேலை இல்லாததால் நேரம் குறைவு, ஆபத்தும் குறைவு.

உடற்பயிற்சியை ஒழுங்காகச் செய்தால் வீட்டு வேலைக்கு ஒன்றும் குறையாது. நீச்சல், கயிறு பிடித்து ஏறுதல், மேலிருந்து பலமாக இழுத்தல் போன்றவற்றில் வலு கொஞ்சம் குறையும். தறி, தையல் மெஷின், துணி மூட்டை தூக்குதல் என்று தோளை நம்பி வேலை செய்பவராக இருந்தால் டாக்டரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு முதுகில் நீர் கட்டுவது சகஜம், ஊசியில் எடுத்துவிடுவார்கள்.

"மார்பு எடுக்கிற அன்னைக்கே பண்ணணுமா, அப்புறம் பண்ணலாமா?"

இரண்டும் உண்டு. அன்றே செய்தால் மார்பின் தோலைக் காப்பாற்ற முடிகிறது, வடிவம் இயல்பாக வருகிறது, சிலருக்கு ஒரு மயக்க மருந்தோடு முடிகிறது. தட்டையான நெஞ்சைப் பார்க்கும் நாளே வராது. பிறகு செய்தால் முதலில் நோய்க்கான சிகிச்சையை முடித்துவிட்டு நிதானமாக யோசிக்கலாம்.

முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கரண்ட்தான். கரண்ட் பட்ட தோல் இறுகும், ரத்த ஓட்டம் குறையும். இம்ப்ளான்ட் வைத்த பிறகு கரண்ட் வைத்தால் மேலே சொன்ன உறை இறுகும் தொல்லை கூடுகிறது. சொந்தச் சதை கரண்டை ஓரளவு தாங்கும் என்றாலும் சுருங்கலாம். அதனால் கரண்ட் உறுதி என்று தெரிந்தால், அது முடிந்து குறைந்தது 6 மாதம், பல நேரம் ஒரு வருடம் கழித்துச் சொந்தச் சதையில் செய்யலாம் என்று பல டாக்டர்கள் சொல்வார்கள். எக்ஸ்பாண்டரைத் தற்காலிகமாக வைத்து இடத்தைப் பிடித்துக்கொள்பவர்களும் உண்டு.

பிறகு செய்வதாக இருந்தாலும் முதல் ஆபரேஷனுக்கு முன்பே ப்ளாஸ்டிக் சர்ஜனை ஒருமுறை பார்த்துவிடுங்கள். எங்கே வெட்டுவது, எவ்வளவு தோலை விடுவது என்பது அன்றே முடிவாகிவிடுகிறது. எனக்கு அந்த ஒரு சந்திப்பு கிடைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

"இதைப் பண்ணிக்கிட்டா கீமோ தள்ளிப் போயிடாதா?"

ஆபரேஷன் முடிந்து சாதாரணமாக 4 முதல் 6 வாரத்தில் கீமோ தொடங்கும். புண் நன்றாக ஆறினால் அந்தத் தேதி மாறாது. சீழ் பிடித்தாலோ தோல் கருகினாலோ சில வாரம் தள்ளலாம். சர்க்கரை அதிகமாக இருப்பவர்களுக்கும் நோய் முற்றிய நிலையில் இருப்பவர்களுக்கும் 'இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம்' என்று டாக்டர் சொல்வது இதனால்தான். அந்த அறிவுரையை மதியுங்கள்.

"உள்ளே எதையாவது வெச்சா, நோய் திரும்ப வந்தா தெரியாமப் போயிடும்னு மாமியார் சொல்றாங்க."

மறுசீரமைப்பு நோயைத் திரும்ப அழைப்பதில்லை, மறைப்பதும் இல்லை. எடுத்த இடத்தில் திரும்ப வந்தால் பெரும்பாலும் தோலிலோ தோலுக்கு அடியிலோதான் வரும், கையால் தொட்டாலே தட்டுப்படும். மாதம் ஒருமுறை நீங்களே தடவிப் பாருங்கள். சொந்தச் சதை வைத்த இடத்தில் கொழுப்பு கெட்டியாகி உருண்டை போலத் தட்டுப்படுவதும் உண்டு. அதைப் பார்த்துப் பயந்து இரவெல்லாம் விழித்திருக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், ஸ்கேனில் தெரிந்துவிடும். மறுபக்கத்து மார்புக்கு வருடாந்திர மேமோகிராமை (மார்பக எக்ஸ்ரே) மட்டும் விட்டுவிடாதீர்கள்.

"தொட்டா உணர்ச்சி இருக்குமா? காம்பு?"

உள்ளதைச் சொல்கிறேன். பழைய உணர்ச்சி வராது. மார்பை எடுக்கும்போதே நரம்புகள் அறுந்துவிடுகின்றன. சில வருடத்தில் ஓரங்களில் கொஞ்சம் திரும்பலாம். அதுவரை வெந்நீர் ஒத்தடம், சூடான பை எதையும் அங்கே வைக்காதீர்கள். சுடுவது தெரியாமல் கொப்புளம் கட்டிக்கொண்டு வந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

கட்டி காம்புக்குத் தள்ளி இருந்தால் காம்பை வைத்துக்கொண்டே மார்பை எடுக்க முடியலாம். எடுத்துவிட்டால், புது மார்பு படிந்த பிறகு 3 முதல் 6 மாதத்தில் அந்தத் தோலையே மடித்துத் தைத்துக் காம்பு செய்வார்கள். சுற்றியுள்ள கருவட்டத்தைப் பச்சை குத்தி வரைவார்கள். பலர் இதுவரைக்கும் போவதில்லை. நானும் போகவில்லை. அந்த மார்பால் பாலூட்ட முடியாது, மறுபக்கத்தால் முடியும்.

"தாலியைக் கழட்டச் சொல்வாங்களா?"

சொல்வார்கள், கழற்றித்தான் ஆக வேண்டும். ரத்தக் கசிவை நிறுத்த மின்சாரக் கருவி பயன்படுத்துவார்கள், உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் சுடலாம். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கோத்து, ஆபரேஷன் செய்யாத பக்கத்துக் கையில் கட்டிக்கொள்ள நர்ஸிடம் அனுமதி கேட்டவர்கள் உண்டு. கரண்ட் வைக்கும் வாரங்களிலும் கழுத்தில் சங்கிலி உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தோலில் மஞ்சள், சந்தனம், எண்ணெய் எதையும் கேட்காமல் பூச வேண்டாம்.

"வெற்றிலையோட கொஞ்சம் புகையிலை போடுவேன். அதையுமா டாக்டர்கிட்ட சொல்லணும்?"

கட்டாயம் சொல்ல வேண்டும். புகையிலை, மிஷ்ரி, குட்கா, பீடி எல்லாமே ஒன்றுதான். நிகோட்டின் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கும். ஃப்ளாப் உயிர் பிழைப்பதே அந்தச் சின்னக் குழாயால்தான். குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பல் விளக்கும் மிஷ்ரியைப் பெண்கள் புகையிலையாக எண்ணுவதே இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் சொல்லுங்கள். ரத்தம் உறைவதைத் தவிர்க்க, வயிற்றுச் சதை ஆபரேஷனுக்கு 2 முதல் 4 வாரம் முன்பு நிறுத்தச் சொல்லக்கூடும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

"வீட்டுக்கு வந்ததும் எப்படி? சமையல், தண்ணி பிடிக்கிறதெல்லாம் யார் பார்ப்பா?"

இதைத்தான் முதலில் திட்டமிட வேண்டும். இம்ப்ளான்ட் என்றால் இரண்டு மூன்று நாளிலும் வயிற்றுச் சதை என்றால் 4 முதல் 6 நாளிலும் அனுப்பிவிடுவார்கள். அனுப்பும்போது உடம்போடு, உள்ளே ஊறும் நீரை வெளியேற்றும் டிரெயின் குழாயும் அதன் பாட்டிலும் வரும். தினமும் அதே நேரத்தில் அந்த நீரை அளந்து நோட்டில் எழுதுங்கள். பொதுவாக ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே போனதும் எடுப்பார்கள். பாட்டிலைக் கையில் தூக்கிக்கொண்டு அலையாமல், பழைய ஜாக்கெட் துணியில் நாடா வைத்த ஒரு சின்னப் பை தைத்துத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். நான் தைத்த பை இப்போது எத்தனையாவது வீட்டில் இருக்கிறதோ தெரியாது. துவைத்துத் துவைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

6 வாரம் குடம், கிரைண்டர் கல், பெரிய குக்கர், பிள்ளை எதையும் தூக்கக் கூடாது. வயிற்றில் செய்தவர்கள் முதல் ஓரிரு வாரம் கொஞ்சம் குனிந்தேதான் நடக்க முடியும், முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்க வேண்டும். தண்ணீர் வரும் நேரத்துக்கு யார் எழுந்து பிடிப்பார் என்று முன்னாலேயே பேசி வைத்துவிடுங்கள். கூட்ட நேர லோக்கல் ரயிலை 6 வாரம் மறந்துவிடுங்கள், செக்கப்புக்கு மதியத்தில் போங்கள். அக்குளில் நெறிக்கட்டி எடுத்திருந்தால் அந்தக் கையில் ஊசி, பி.பி. பார்ப்பது வேண்டாம், இறுக்கமான வளையலும் வேண்டாம்.

"செலவை எப்படிச் சமாளிக்கிறது? இன்சூரன்ஸ்காரங்க ப்ளாஸ்டிக் சர்ஜரிக்குக் கொடுக்க மாட்டோம்ங்கறாங்க."

பாலிசித் தாளை எடுத்து 'எக்ஸ்க்ளூஷன் 08' என்ற இடத்தைப் படியுங்கள். அழகு சிகிச்சைக்குப் பணம் இல்லை என்று சொல்லும் அதே வாக்கியத்தில், விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பிந்தைய மறுசீரமைப்பு தவிர என்று இருக்கும். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக வகுத்த வாசகம் அது. சர்ஜனிடம் 'புற்றுநோய்க்காக மார்பை நீக்கிய பிறகு செய்யும் மறுசீரமைப்பு' என்று தெளிவாக எழுதி வாங்கி, ஆபரேஷனுக்கு முன்பே அனுமதிக்கு அனுப்புங்கள். என்னிடமும் ஒரு கம்பெனி முதலில் மறுத்தது. அந்த வரியைக் கோடு போட்டு அனுப்பிய பிறகு கொடுத்தது. மறுபக்க மார்பை அளவுக்குச் சரிசெய்யும் ஆபரேஷனுக்கு இழுபறி வரலாம், அதைத் தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மகாராஷ்டிர ரேஷன் கார்டு இருந்தால் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன் ஆரோக்ய யோஜனா என்ற மாநில அரசின் சிகிச்சைத் திட்டம் இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் அட்டையும் அதோடு சேர்ந்துதான். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. புற்றுநோய் ஆபரேஷன் அதில் உண்டு. நீங்கள் செய்யப்போகும் மறுசீரமைப்பும் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று ஆஸ்பத்திரியில் 'ஆரோக்யமித்ரா' மேசையில் கேளுங்கள். பரேல் டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மருத்துவ சமூகப் பணியாளர்கள் இருக்கிறார்கள், எந்த அறக்கட்டளை எதற்குக் கொடுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். எங்கே செய்தாலும் இம்ப்ளான்ட் விலை தனியாகவா, சேர்த்தா என்று எழுத்தில் வாங்குங்கள்.

"பேசாம ஊருக்குப் போய், அடையாறுலயோ வேலூர்லயோ பண்ணிக்கட்டுமா?"

அம்மா, அக்கா, தங்கை அங்கே இருந்தால் அது பெரிய பலம்தான். ஆனால் இந்தச் சிகிச்சை ஒரு நாளில் முடிவதில்லை. எக்ஸ்பாண்டர் என்றால் பல வாரம் போய்வர வேண்டும், இடையில் கீமோவும் கரண்டும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ள முடியும் என்றால் போங்கள். பாதி இங்கே பாதி அங்கே என்றால் நீங்கள்தான் ஃபைலோடு அல்லாடுவீர்கள்.

"எனக்கு இதெல்லாம் வேண்டாம். அப்படியே விட்டா தப்பா?"

தப்பே இல்லை. மறுசீரமைப்பே வேண்டாம் என்று நிம்மதியாக இருக்கும் பெண்கள் நிறையப் பேர். அப்படியென்றால் அதையும் முன்பே சொல்லுங்கள், 'தட்டையாக, மடிப்பு இல்லாமல் தைத்துவிடுங்கள்' என்று. பின்னால் செய்ய நினைப்பார்களோ என்று தோலைத் தொங்கலாக விட்டால் அது அக்குள் பக்கம் மடிந்து வியர்வையில் புண்ணாகும்.

வெளியே வைத்துக்கொள்ள சிலிகோன் மார்பு கிடைக்கிறது, மறுபக்கத்தின் எடைக்கு ஏற்ற மாதிரி. பருத்தி நூலில் பின்னிய மென்மையான மார்பை இலவசமாகத் தரும் தன்னார்வலர்களும் மும்பையில் இருக்கிறார்கள். தாராவியில் ஒரு திருநெல்வேலிப் பாட்டி, மெல்லிய துணிப்பையில் கம்பைப் போட்டுத் தைத்து ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தார். எடை சரியாக இருந்தது, ஆனால் மழைக்காலத்தில் முளைவிட்டுவிட்டது. கைக்குட்டையைச் சுருட்டி வைப்பதைவிட அவர் யோசித்தது சரி, எடைதான் முக்கியம். ஜாக்கெட்டின் உள்ளே ஒரு பருத்திப் பாக்கெட் வைத்துத் தரச் சொன்னால் எந்தத் தையற்காரரும் தைப்பார்.

"எனக்கு 62 வயசு. இந்த வயசுல இது வேணுமான்னு வீட்டுக்காரர் கேக்கறார்."

இதயமும் நுரையீரலும் சர்க்கரையும் அனுமதித்தால் 62 ஒரு தடை இல்லை. வேணுமா என்று கேட்க வேண்டியது உங்களை. வீட்டுக்காரரை டாக்டர் அறைக்குள் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் பயத்தையும் அங்கேயே கேட்கட்டும். பல ஆண்களுக்கு 'இன்னொரு ஆபரேஷனில் இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்' என்ற பயம்தான் 'வேண்டாம்' என்று வெளியே வருகிறது. அதே நேரம், அவருக்கு வேண்டும் என்பதற்காக நீங்கள் செய்துகொள்வதும் கூடாது.

"ஆபரேஷன் பண்ணி ஒன்பது வருஷம் ஆச்சு. இப்ப முடியுமா?"

முடியும். இதற்குக் காலக்கெடு இல்லை. தோல் குறைவாக இருப்பதாலும், பலருக்குக் கரண்ட் வைத்திருப்பதாலும் சொந்தச் சதைதான் பெரும்பாலும் ஒத்துவரும். முதலில் நோய் எங்கும் இல்லை என்று பார்த்துவிடுவார்கள். பழைய பயாப்ஸி ரிப்போர்ட், கரண்ட் வைத்த விவரம் இரண்டையும் தேடி எடுத்து வையுங்கள்.

"இம்ப்ளான்ட்டே இன்னொரு கேன்சரைத் தரும்னு படிச்சேனே?"

பாதி உண்மை. மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும் சில இம்ப்ளான்ட்களைச் சுற்றி, அரிதாக, நெறிக்கட்டுப் புற்றுநோய் வகை ஒன்று வருகிறது. அது மார்பகப் புற்றுநோய் கிடையாது. இதனால்தான் 2019 ஜூலையில் அலர்கன் கம்பெனி தன் பயோசெல் வகையை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அறிகுறி பெரும்பாலும் பல வருடம் கழித்து ஒரு பக்கம் திடீரென்று வீங்குவது. சீக்கிரம் கண்டுபிடித்தால் இம்ப்ளான்டையும் உறையையும் எடுப்பதிலேயே பெரும்பாலும் குணமாகிறது.

வழவழப்பானதா, சொரசொரப்பானதா, எந்தக் கம்பெனி என்று கேளுங்கள். இம்ப்ளான்டோடு, எண் போட்ட ஒட்டுச்சீட்டு ஒட்டிய ஒரு அட்டை வரும். அதை வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள், ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.

"வெச்ச சதை செத்துப் போயிட்டா?"

நடக்கலாம். பழகிய குழுவின் கையில் நூற்றில் மிகச் சிலருக்கே. மணிக்கொருமுறை அந்தச் சத்தத்தைக் கேட்பது இதற்காகத்தான், ஓட்டம் நின்றால் உடனே மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய்க் குழாயைச் சரிசெய்வார்கள். முடியாமல் போனால் அந்தச் சதையை எடுத்துவிட்டு, உடம்பு தேறியதும் வேறு வழியைப் பார்ப்பார்கள். 'உங்கள் கையில் இது எத்தனை பேருக்கு நடந்திருக்கிறது?' என்று சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள். நல்ல சர்ஜன் கோபப்பட மாட்டார்.

"பயமா இருக்கு. நல்லா இருக்கிற இன்னொரு மார்பையும் எடுத்துட்டா என்ன?"

பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஆயுள் கூடுவதில்லை, ஏற்கெனவே வந்த நோய் உடம்பில் வேறு எங்காவது பரவுவதை அது தடுக்காது. பி.ஆர்.சி.ஏ. என்ற, மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் மரபணு மாற்றம் இருப்பவர்களின் கணக்கு வேறு. அம்மா, சித்தி, அக்கா என்று குடும்பத்தில் பலருக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால், அல்லது உங்களுக்கே சின்ன வயதில் வந்திருந்தால், மரபணுச் சோதனை பற்றிக் கேட்டுவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

"எனக்கு இந்தி வராது அக்கா. அவ்வளவு கூட்டத்துல டாக்டர்கிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

ஒரே ஒரு வரியைத் தமிழ் எழுத்தில் எழுதிப் ஃபைலின் மேல் ஒட்டிக்கொள்ளுங்கள்: 'டாக்டர் சாப், ஆபரேஷன் சே பெஹலே ரீகன்ஸ்ட்ரக்ஷன் கே பாரே மே பூச்னா ஹை.' ஆபரேஷனுக்கு முன்னால் மறுசீரமைப்பு பற்றிக் கேட்க வேண்டும் என்று பொருள். இதைச் சொல்லிவிட்டு அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள். ப்ளாஸ்டிக் சர்ஜரி ஓ.பி.டி.க்கு ஒரு சீட்டு எழுதுவார். அந்தச் சீட்டோடு வெளியே வாருங்கள், வராந்தாவில் தமிழ் பேசுகிறவர் யாராவது ஒருவர் நிச்சயம் இருப்பார்.